மத்தியானத்தில் இழுபடும் கொம்பியூட்டர்

அக்காவின் வீடு கோண்டாவிலில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. காண்டாவன வெயில் தொடங்கி இரண்டு மூன்று நாள் இருக்கும், மருமகன் ஃபோன் எடுத்தான்.

"மாமா, கொம்பியூட்டர் காலமை நல்லா ஓடுது. மத்தியானமானா இழுபடுது. பின்னேரம் திரும்பச் சரியாகுது. வைரஸோ தெரியேல்லை."

வைரஸ் வெயில் பார்த்து வருவதில்லை. நேரம் பார்த்து வருகிற வியாதி என்றால் பெரும்பாலும் அது சூடுதான். "ஃபான் சுத்துதோ?" என்று கேட்டேன். "சுத்துது மாமா, நல்லாச் சுத்துது" என்றான். ஃபான் சுற்றினால் எல்லாம் சரி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அன்று பின்னேரம் அந்தப் பெட்டியைக் கழற்றிவைத்துக்கொண்டு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நீர் இறைக்கும் மோட்டருக்குப் போகும் மின்சாரம் கிணற்றுத் தண்ணீரை மேலே தூக்குகிறது. வீட்டு மின்விசிறிக்குப் போனால் காற்றைத் தள்ளுகிறது. கொம்பியூட்டரின் மூளையான புரொசசர் எதையும் தூக்குவதுமில்லை, தள்ளுவதுமில்லை. அது கணக்குப் போடுகிறது, கணக்கின் விடைக்கு எடை கிடையாது. ஆகவே உள்ளே போன மின்சாரம் அநேகமாக முழுவதுமே வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். 65 வாற்று மின்சாரம் இழுக்கிற புரொசசர் 65 வாற்று வெப்பத்தைக் கக்குகிறது. கணக்குத் தெரிந்த ஒரு ஹீற்றர் என்று அதைச் சொன்னாலும் பிழையில்லை.

உள்ளே இருப்பவை திரான்சிஸ்டர்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஆளிகள். இன்றைய புரொசசர் ஒன்றில் அவை நூற்றுக்கணக்கான கோடிகளில் இருக்கின்றன. ஓர் ஆளி ஒருமுறை மாறும்போது அதற்குள் துளி மின்னேற்றம் நிரம்பும். திரும்ப மாறும்போது அது வடிந்துபோகும். வாளியில் தண்ணீர் அள்ளி அள்ளி நிலத்தில் ஊற்றுவது போன்ற வேலைதான். 3 கிகாஹேர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தால் நொடிக்கு 300 கோடி தடவை இந்தத் தாளம் தட்டப்படுகிறது. எல்லா ஆளிகளும் எல்லாத் தட்டிலும் மாறுவதில்லை. மாறுகிறவை மட்டுமே போதும், நெருப்பு மூட்ட. வேகத்தைக் கூட்டினால் சூடு அதே விகிதத்தில் கூடும். வோல்ற்றளவைக் கூட்டினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மாறாக 1.2 வோல்ற்றில் ஓடுவதை 1.0 ஆகக் குறைத்தால், வேகம் அப்படியே இருந்தாலும் இந்த வகைச் சூட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் இல்லாமல் போய்விடும். இதுபோக, மூடியிருக்கும் ஆளிகள் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் கசிகிறது. சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும், கசிவு ஏறச் சூடும் ஏறும்.

இந்தத் தொல்லை எப்போதும் இருந்ததில்லை. 1981 இல் வந்த ஐபிஎம் பீசியின் புரொசசர் 4.77 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அதன் தலையில் எந்த உலோகமும் இல்லை, விசிறியும் இல்லை. 90களில் 486, பென்டியம் என்று புதுப் புரொசசர்கள் வர வர, முதலில் ஒரு சின்ன அலுமினியத் துண்டு ஏறியது, பிறகு அதற்கு மேல் ஒரு சின்ன விசிறி. 2004 இல் புரொசசர் செய்யும் இன்டெல் நிறுவனம் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தைக் கைவிட்டது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிற வழியில் சூடு ஒரு மதிலாக நின்றது. அதற்குப் பிறகுதான் ஒரே சிலிக்கன் சில்லில் இரண்டு, நான்கு, எட்டு என்று கோர்களை, அதாவது கணக்குப் போடும் பகுதிகளை, வைக்கும் காலம் சூடுபிடித்தது. அதனால் சூடு குறைந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2022 இல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே முழு மூச்சில் ஓடும்போது 253 வாற்று வரை இழுக்கும்.

65 வாற்று என்றவுடன் மருமகன், "அது பழைய குண்டு பல்ப் அளவுதானே" என்றான். சரிதான், அளவு அதுதான். ஆனால் அந்தச் சூடு பிறக்கிற இடம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். துணி அழுத்தும் மின்னழுத்தியை எடுங்கள். 1000 வாற்று, அடித்தட்டு ஏறக்குறைய 200 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5 வாற்று. புரொசசருக்குள் இருக்கும் சிலிக்கன் துண்டு பெருவிரல் நகம் அளவு, ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றர் என்று வைப்போம். 65 ஐ 1.5 ஆல் வகுத்தால் 43 வருகிறது. மின்னழுத்தியின் அடித்தட்டை விட எட்டரை மடங்கு நெருக்கமான சூடு. அந்த நகத்தளவு இடத்தில் இருந்து அதை அகற்றாமல் விட்டால் சில நொடிகளிலேயே எல்லை மீறிவிடும்.

இனி ஹீற்சிங்க், புரொசசரின் தலையில் ஏறி நிற்கும் தகடு தகடான உலோகக் கட்டி. அது குளிர் தருகிற பொருள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஹீற்சிங்குக்குக் குளிராக்கத் தெரியாது, விசிறிக்கும் தெரியாது. வெப்பத்தை அழிக்கவும் முடியாது. சிலிக்கனில் பிறந்த வெப்பம் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் உங்கள் அறைக் காற்றுக்குள் வந்து சேரவேண்டும். அதற்குப் பாதை போட்டுக் கொடுப்பது மட்டுமே இவற்றின் வேலை. பாதையில் எங்காவது ஒரு முடுக்கு இருந்தால், மிச்சப் பாதை கண்டி வீதி அகலத்தில் இருந்தாலும் பிரயோசனம் இல்லை. கொம்பியூட்டர் சூடாகிறது என்று யாராவது சொன்னால் நான் தேடுவது அந்த முடுக்கைத்தான்.

முதல் முடுக்கு, புரொசசரின் உலோக மூடியும் ஹீற்சிங்கின் அடியும் தொடுகிற இடம். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். உருப்பெருக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் மேடும் பள்ளமும். அடி நெளிந்த சட்டியைத் தட்டையான மின்னடுப்பில் வைத்தால் தொடுகிற இடம் மட்டும் கருகி மற்ற இடம் வேகாமல் கிடக்குமே, அந்தக் கதைதான். மேடுகள் தொடும், பள்ளங்களுக்குள் காற்று நிற்கும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய 400 என்றால், அதே அலகில் காற்றினுடையது 0.026. பதினையாயிரம் மடங்கு வித்தியாசம். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய ஹீற்சிங்க் என்றாலும் இடையில் இருக்கும் இந்த மெல்லிய காற்றைத் தாண்டமாட்டாமல் நின்றுவிடும்.

அந்தப் பள்ளங்களை நிரப்புவதற்குத்தான் தேர்மல் பேஸ்ற். கடையில் சின்ன ஊசியில் சாம்பல் நிறக் களிம்பாக விற்கிறார்களே, அது. அதன் கடத்துதிறன் வழக்கமாக 4, 8 என்ற அளவில் இருக்கும். காற்றை விட நூற்றுக்கணக்கான மடங்கு திறம், செம்பை விட எத்தனையோ மடங்கு மட்டம். இந்த இரண்டாவது பாதியைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். பேஸ்ற் நல்லது என்று நினைத்துப் பாணுக்கு மாஜரின் பூசுவது போலத் தடிப்பாகப் பூசினால், செம்புக்கும் செம்புக்கும் நடுவில் நீங்களே ஒரு மதில் கட்டுகிறீர்கள். நடுவில் ஒரு கடலை அளவு வைத்து, ஹீற்சிங்கை நேராக இறக்கி இறுக்கினால் அழுத்தத்திலேயே அது பரவிக்கொள்ளும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து போடுகிற மேசனிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்: சாந்து இடைவெளிக்கு, சுவருக்குக் கல். ஹீற்சிங்கை ஒருமுறை கழற்றினால் பழைய பேஸ்ற்றை ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிதாக வைக்கவேண்டும். காய்ந்ததை அப்படியே விட்டுத் திரும்பப் பூட்டினால் உள்ளே காற்று பிடிபடும்.

வெப்பம் ஹீற்சிங்குக்குள் ஏறிவிட்டது. இனி அது காற்றுக்குப் போகவேண்டும், இங்கேதான் தகடுகளின் வேலை. பனங்கிழங்கை அவிக்காமல் முழுதாக வெயிலில் போட்டால் எப்போது காயும்? அதனால்தான் நெடுக்காகக் கிழித்துப் போட்டு ஒடியல் ஆக்குகிறோம். கிழங்கு அதேதான், எடையும் அதேதான், வெயிலும் காற்றும் படுகிற முகம் மட்டும் கூடிவிடுகிறது. ஹீற்சிங்கும் கிழிக்கப்பட்ட உலோகம். உள்ளங்கை அகலத்தில், 9 சென்ரிமீற்றருக்கு 9 சென்ரிமீற்றர் தட்டு ஒன்றை எடுத்தால் அதன் மேல்முகம் 81 சதுர சென்ரிமீற்றர். அதே தட்டின் மேல் 9 சென்ரிமீற்றர் நீளமும் 3 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட 40 தகடுகளை நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம். கூட்டினால் 2160 சதுர சென்ரிமீற்றர். மேசையில் பிடிக்கிற இடம் கூடவில்லை, காற்றோடு உரசுகிற முகம் இருபத்தாறு மடங்கு கூடிவிட்டது. அப்படியானால் எண்பது தகடு, நூற்றறுபது தகடு என்று நெருக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்கலாம். நெருக்கினால் இடையில் காற்று நுழையாது. தூசி மட்டும் நுழையும்.

எதனால் செய்வது என்பதில் ஒரு பேரம் இருக்கிறது. செம்பு நன்றாகக் கடத்தும், அலுமினியத்தின் கடத்துதிறன் 235 அளவில்தான். ஆனால் செம்பு அலுமினியத்தை விட மூன்று மடங்குக்கு மேல் பாரம், விலையும் கூட. முழுச் செம்பில் ஒரு பெரிய ஹீற்சிங்கை மதர்போட்டில், அதாவது பாகங்கள் எல்லாம் பூட்டியிருக்கும் பலகையில், தொங்கவிட்டால் போட் வளைந்துவிடும். ஆகவே வெப்பம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் செம்பு, தூரத்தில் விரிந்திருக்கும் தகடுகளுக்கு அலுமினியம் என்று கலந்து செய்கிறார்கள்.

பெரிய ஹீற்சிங்குகளிலும் லப்டொப்புகளிலும் செம்புக் குழாய்கள் வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் செம்புக் கம்பிகள் என்று நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வெற்றிடம், அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர், உட்சுவரில் செம்புத் தூளால் ஆன ஒரு திரி. இது முழுக்க முழுக்க நீத்துப்பெட்டி வேலை. புட்டு அவிக்கும்போது கீழே கொதித்த நீராவி மேலே ஏறி மூடியில் பட்டு, சூட்டை மூடிக்குக் கொடுத்துவிட்டுத் துளியாக விழுகிறதல்லவா? குழாய்க்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டதால் அங்கே தண்ணீர் ஆவியாவதற்கு 100 பாகை வரை காத்திருக்கவேண்டியதில்லை, கை பொறுக்கிற சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஆவி சூடான முனையில் இருந்து குளிர்ந்த முனைக்கு ஓடும், அங்கே தண்ணீராகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தத் தண்ணீர் உட்சுவர் வழியே திரும்பி வந்துவிடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2400 யூல் அளவில் மறைவெப்பம் வேண்டும். 65 வாற்றைக் கொண்டுபோக நொடிக்கு 0.03 கிராம் தண்ணீர் கூடத் தேவைப்படாது. மோட்டர் இல்லை, சத்தம் இல்லை, தேய்மானமும் இல்லை. 1963 இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டியபோது எண்ணத்தில் இருந்தது விண்வெளி. இன்றைக்குப் பெரும்பாலான லப்டொப்புகளுக்குள் இது இருக்கிறது. இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த சாமான் இதுதான்.

விசிறிக்கு வருவோம். சூடான தகட்டை ஒட்டி நிற்கும் காற்று தானாகவே சூடாகி மேலே போகும், பள்ளிக்கூடத்தில் மேற்காவுகை என்று படித்தோம். ஆனால் அது சோம்பல் காற்று, 65 வாற்றுக்குத் தாக்குப்பிடிக்காது. விசிறி அந்தச் சூட்டுக்காற்றைத் துரத்திவிட்டுப் புதுக்காற்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. காற்று 10 பாகை சூடாகி வெளியேறினால் போதும் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், 65 வாற்றைக் கொண்டுபோக நொடிக்கு ஐந்தரை லீற்றர் காற்று வேண்டும். அரை வாளிக் காற்று. பெரிய காரியமில்லை, வழி திறந்திருந்தால்.

ஓலை விசிறியால் விசுக்கும்போது எங்களுக்குக் குளிர்கிறதே என்று கேட்டான் மருமகன். நல்ல கேள்வி. எங்களுக்கு வியர்க்கிறது. விசிறி அந்த வியர்வையை ஆவியாக்குகிறது, அதனால் உடம்பு அறையை விடவும் குளிர முடியும். அலுமினியத்துக்கு வியர்க்காது. அறைக் காற்று 34 பாகை என்றால், எத்தனை விசிறி பூட்டினாலும் ஹீற்சிங்க் 34 க்குக் கீழே இறங்காது. தண்ணீர் ஓடும் கூலர்கள் விற்கிறார்களே என்றால், அந்தத் தண்ணீரும் கடைசியில் ஒரு ரேடியேற்றரில் இதே அறைக் காற்றிடம்தான் வந்து கையேந்தவேண்டும்.

இப்போது அந்த மத்தியானப் புதிருக்கு விடை சொல்லலாம். ஹீற்சிங்கின் தரத்தை ஒரு எண்ணால் சொல்லுவார்கள்: ஒரு வாற்றுக்கு எத்தனை பாகை ஏறும் என்று. சாதாரண ஹீற்சிங்க் ஒன்று துப்புரவாக இருந்தால் 0.35 என்று வைப்போம். 65 வாற்றுக்கு 23 பாகை. சுற்றியிருக்கும் காற்றை விடப் புரொசசர் 23 பாகை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

மருமகனுடைய பெட்டியைத் திறந்தேன். மேலே விசிறி பளிச்சென்று சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தி, நான்கு திருகாணியையும் கழற்றி விசிறியைத் தூக்கினேன். அடியில், தகடுகளின் மேல், செம்மண் தூசியும் துணிப்பஞ்சும் சேர்ந்து ஒரு கம்பளித் துண்டு. உரித்து எடுக்க ஒரே பாளமாக வந்தது. விசிறி சுற்றியது, காற்றுக்கு உள்ளே போக வழியில்லை. அந்த அடைப்போடு 0.35 என்பது 0.9 ஆகியிருக்கும் என்று வையுங்கள். 65 வாற்றுக்கு 58 பாகை ஏற்றம். பெட்டியையோ மேசையின் அலுமாரித் தட்டுக்குள் தள்ளிக் கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தட்டுக்குள் அறையை விட 10 பாகை கூட. காலையில் அறை 27, தட்டுக்குள் 37, அதோடு 58. மொத்தம் 95. மத்தியானம் அறை 34, தட்டுக்குள் 44, அதோடு 58. மொத்தம் 102.

பல இன்டெல் புரொசசர்களுக்கு எல்லை 100 பாகை. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. எல்லைக்குக் கிட்ட வந்ததும் புரொசசர் தன் வேகத்தையும் வோல்ற்றளவையும் தானே குறைத்துக்கொள்ளும். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. அதைத்தான் மருமகன் "இழுபடுது" என்றான். காலையிலும் அந்தப் பெட்டி சுகமாக இருக்கவில்லை, 100 பாகை எல்லைக்கு ஐந்து பாகை கீழே மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது. வெயில் மிச்சத்தைச் செய்தது. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால் கொம்பியூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

துப்புரவாக்கப் பெரிய சாமான் வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். பெயின்ற் அடிக்கும் சின்னப் பிரஷ் போதும். காற்றடிப்பதென்றால் விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்று வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பெயாரிங் கெட்டுப்போகும். ஹீற்சிங்கைக் கழற்றித் திரும்பப் பூட்டும்போது கவனிக்கவேண்டியது மூலைகள். இன்டெல் பெட்டியோடு வரும் கூலர்களில் நான்கு பிளாஸ்டிக் ஆணிகள் இருக்கும். ஒன்று சரியாகக் குத்தாமல் நின்றாலும் ஹீற்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பேஸ்ற்றுக்கு அடியில் காற்று நுழையும். எதிரெதிர் மூலைகளாகக் குத்தி, மதர்போட்டின் பின்பக்கம் நான்கு நுனியும் வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம். ஏஎம்டியின் ஏஎம்4 என்ற பொருத்தும் வகையில் இன்னொரு வில்லங்கம்: காய்ந்த பேஸ்ற் பிடித்திருக்க, ஹீற்சிங்கை நேரே இழுத்தால் புரொசசரும் காலோடு பிடுங்குப்பட்டு வரும். கொம்பியூட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, சூடு ஆறுமுன் மெல்லத் திருகிக் கழற்றவேண்டும்.

விசிறி பூட்டும் திசையும் முக்கியம். கேசிங்கில், அதாவது வெளிப்பெட்டியில், முன்னால் உள்ளே, பின்னால் வெளியே. இரண்டும் உள்ளே ஊதினாலோ இரண்டும் வெளியே இழுத்தாலோ நடுவில் காற்று சுற்றிச் சுற்றி நிற்கும். விசிறியின் வேகத்தை இரட்டித்தால் அதற்குத் தேவையான வலு எட்டு மடங்காகும், சத்தமும் எகிறும். ஆகவே சின்ன விசிறி கத்துவதை விடப் பெரிய விசிறி ஆறுதலாகச் சுற்றுவது மேல். மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைப் பிடிப்பவர்களும் உண்டு. சூடு குறையும், உண்மைதான். ஒரு சோழகக் காற்றுக் காலம் முழுவதும் அப்படி வைத்தால் செம்மண் ஏறி உள்ளே தோட்டமே செய்யலாம். லப்டொப் வைத்திருப்பவர்கள் மெத்தையிலும் தலையணையிலும் வைக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் மூக்கு அடியில் இருக்கிறது.

அன்று புதுப் பேஸ்ற் வைத்து, தகடுகளைத் துடைத்து, பெட்டியை அலுமாரித் தட்டில் இருந்து வெளியே இழுத்து வைத்தோம். அடுத்த நாள் மத்தியானம் மருமகன் மென்பொருளில் பார்த்து 61 என்று அனுப்பினான். 34 அறை, கேசிங்குக்குள் 4 கூட, அதோடு 23. கணக்கு இப்படி அச்சாகப் பொருந்துவது அபூர்வம், அன்று பொருந்தியது.

இதில் ஒருவருக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. அம்மா, அதாவது மருமகனின் அம்மம்மா, அந்தப் பெட்டிக்கென்றே பூவேலை செய்து ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார். முன்பக்கக் காற்றுத் துளைகளையும் சேர்த்து மூடுகிற மாதிரி, அளவெடுத்து. அதை நான் கழற்றி மடித்துவைத்தபோது பார்த்துக்கொண்டு நின்றார்.

"உறை இல்லாட்டி தூசி போகாதோ?"

"போகும் அம்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்காத் தட்டுவம்."

"அப்ப நிப்பாட்டின பிறகு போடலாமோ?"

"சூடு ஆறினாப் பிறகு போடுங்கோ."

அது ஆறும்வரை இரவில் யார் முழித்திருப்பது என்றார். இப்போது உறை பிரின்டருக்கு மேலே கிடக்கிறது. அளவு கொஞ்சம் பெரிது.